செடி வேர்பிடிக்கும் வரை: செங்குத்துச் சரிவில் மண்ணைக் காக்கும் வழிமுறை

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்தில் ஏறிச் செல்பவர்கள், சாலையோரக் கால்வாயில் தண்ணீர் செங்காவி நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்த்தால், வீட்டுக்காகவோ பாதைக்காகவோ அண்மையில் வெட்டப்பட்ட ஒரு சரிவு பெரும்பாலும் கண்ணில் படும். அதில் புல்லும் செடியும் நட்டிருப்பார்கள். நட்டவற்றில் பாதி வேரோடு சாய்ந்து கிடக்கும். நட்டவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையின் வரிசையை மட்டும் மாற்றிச் செய்தவர்கள்.

நீலகிரியில் சரிவான நிலத்தை முதன்முறையாகக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புல்லும் புதரும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அவை அந்த வேலையைத் தொடங்க ஒரு மழைக்காலமும், முழுமையாகச் செய்ய இரண்டு மழைக்காலங்களும் ஆகும். அந்த இடைக்காலத்தில் சரிவைத் தாங்க வேண்டியவை வடிகாலும், வைக்கோலும், தென்னை நார் வலையும், முளைக்குச்சிகளுமே. ஆகவே முதலில் தண்ணீருக்கு வழி, அடுத்து மண்ணுக்குப் போர்வை, அதன் பிறகே செடி என்ற வரிசையை மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும். முதல் ஆண்டில் இந்த வரிசையை நானும் தலைகீழாகத்தான் செய்தேன். விதையையும் மட்கிய எருவையும் வெறும் மண்ணின் மேல் தூவிவிட்டு மழைக்குக் காத்திருந்தேன். மழை வந்தது, ஒரே இரவில் விதையும் எருவும் கீழ்ப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த மாதம் பாதையோரத்தில் ராகி நன்றாகவே முளைத்திருந்தது.

அரிப்பு வேறு, மண்சரிவு வேறு

வேலையில் இறங்கும் முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மழைத்துளியும் மேலே ஓடும் நீரும் மண்ணின் மேற்பரப்பைத் துகள் துகளாகக் கரைத்துக் கொண்டுபோவது மண் அரிப்பு. ஆழத்தில் நீர் ஊறி, மண்ணின் பிடிப்புத் தளர்ந்து, மேடே மொத்தமாக நழுவி இறங்குவது மண்சரிவு. முன்னதைப் புல்லாலும் போர்வையாலும் கட்டுப்படுத்த முடியும். பின்னதைப் புல்லால் தடுக்க முடியாது. நீலகிரி 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளில் பெரிய மண்சரிவுகளைக் கண்டிருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய மழையில் வெட்டிவேர் வரிசை மட்டும் மலையைப் பிடித்து நிறுத்தும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

எனவே முதல் நாள் வேலை, சரிவின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை நடந்து பார்ப்பதுதான். மேல்பகுதியில் பிறை வடிவில் நிலம் வெடித்திருக்கிறதா, மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, அந்த ஊற்று கலங்கலாக வருகிறதா, வீட்டின் கதவு திடீரென்று நிலையில் சிக்குகிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கே மண்வெட்டியை எடுக்க வேண்டாம். மழைக்காலமாக இருந்தால் வீட்டை விட்டு வெளியேறி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். கோடைக்காலமாக இருந்தால் மண் பொறியியல் தெரிந்தவரை அழைத்துக் காட்ட வேண்டும்.

அடுத்து, சரிவை அளக்க வேண்டும். இதற்குக் கருவி வாங்கத் தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் மேல் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வைத்து, பலகையின் ஒரு முனையை மேட்டில் ஊன்றி, மறுமுனையைக் காற்றில் சமமட்டமாகப் பிடித்துக்கொண்டு, அந்த முனையிலிருந்து தரைவரை நேர்கீழாக அளந்தால் போதும். 60 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 60 சதவீதம். 100 சென்டிமீட்டர் வந்தால் அது 45 பாகைச் சரிவு. நான்கைந்து இடங்களில் அளந்து, அவற்றுள் மிகச் செங்குத்தான அளவையே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 100 சதவீதத்தைத் தாண்டிய வெட்டுமுகம் என்றால், இங்கே சொல்லும் முறைகள் துணைக்குப் பயன்படுமே தவிர முதன்மைத் தீர்வாகா. நீர்த்துளைகள் விட்டுக் கட்டிய தாங்குசுவரோ, கம்பிவலைக் கூடையில் கல் அடுக்கிய சுவரோ, மண்ணுக்குள் நீண்ட இரும்புக் கம்பிகளை ஆணி போலச் செலுத்துவதோ தேவைப்படும். நீலகிரியில் நெடுஞ்சாலையோரங்களில் சில இடங்களில் மண்ணாணி அடித்து, அதன் மேல் விதைக்கரைசலைப் பீய்ச்சிப் புல் வளர்த்திருப்பதைக் காணலாம். அது வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று.

வெட்டிய மண்ணா, கொட்டிய மண்ணா என்பதையும் பாருங்கள். வெட்டிய முகம் இறுக்கமாக இருக்கும். உடனே கரையாது, ஆனால் மேல்மண் இல்லாததால் அதில் எதுவும் எளிதில் முளைக்காது. வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் பக்கம் தள்ளிவிட்ட இடம் பொலபொலவென்று இருக்கும். விதை உடனே முளைக்கும், மண்ணும் உடனே போகும். ஒரே மனையில் இரண்டும் இருப்பதே வழக்கம். கொட்டிய மண்ணுக்குத்தான் முதலில் போர்வை தேவை.

இயந்திரம் வைத்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் போன்றவற்றைக் கொண்டு மலையை வெட்டுவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். சரிவின் அடிவாரத்தை வெட்டி இன்னும் இரண்டடி இடம் சேர்த்துக்கொள்ளும் ஆசையை, அனுமதி கிடைத்தாலும்கூட, விட்டுவிடுங்கள். மேலே உள்ள அத்தனை மண்ணும் அந்த இரண்டடியின் மேல்தான் நிற்கிறது.

காலம்

கோத்தகிரி, குன்னூர் பகுதிகளுக்குக் கடுமையான மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமே பெருமழைக் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆகவே மாவட்டம் முழுமைக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது.

கிழக்குப் பகுதியில் மண் வேலையையும் வடிகாலையும் பிப்ரவரி, மார்ச்சில் முடித்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் கோடை மழை கிடைத்ததும் விதைத்தால், தென்மேற்குப் பருவத்தின் மென்மையான தூறலில் புல் வளர்ந்து, அக்டோபருக்குள் தரையை மூடிவிடும். மேற்குப் பகுதியில் இவ்வளவு அவகாசம் இல்லை. ஏப்ரலில் விதைத்தவை ஜூன் மாதத்தில் இளங்கன்றுகளாகவே இருக்கும் என்பதால், அங்கே வலையும் வைக்கோலும் இரு மடங்கு முக்கியமானவை. மண் வேலை செப்டம்பர்வரை இழுத்துவிட்டது என்றால், அந்த ஆண்டு செடியை மறந்துவிட்டுப் போர்வையை மட்டும் போட்டு மழையைக் கடப்பதே நல்லது. உதகை போன்ற உயரமான இடங்களில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை விழும் உறைபனி இளம் புல்லைக் கருக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீரை மேலேயே திருப்புதல்

சரிவின் மேல் விழும் மழையைவிட, மேலேயுள்ள நிலத்திலிருந்தும் கூரையிலிருந்தும் பாதையிலிருந்தும் சரிவுக்குள் வந்து விழும் தண்ணீரே அதிகச் சேதம் செய்கிறது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது மண்ணை அறுக்கும் வலிமை நான்கு மடங்காகும். எனவே சரிவின் மேல் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு திருப்பு வடிகால் வெட்ட வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இதைக் கான் என்பார்கள். அவர்களில் ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடலாம். சிறிய மனைக்கு ஒன்றரை அடி அகலமும் ஓரடி ஆழமும் பெரும்பாலும் போதும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் சற்றே சாய்த்து வெட்ட வேண்டும். எடுத்த மண்ணைக் கீழ்ப்புறமாகப் போட்டு மிதித்து வரப்பாக்க வேண்டும்.

வடிகாலின் சாய்வு மிக முக்கியமானது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கினால் போதும். அதைவிடக் கூடினால் வடிகாலே ஓடையாக அறுத்துக்கொண்டு போகும். மிகவும் குறைந்தால் வண்டல் தங்கி, நீர் வழிந்து, தவறான இடத்தில் உடைத்துக்கொள்ளும். வடிகால் முடியும் இடம் பாறையாகவோ, புல் மூடிய இயற்கை ஓடையாகவோ இருக்க வேண்டும். அடுத்தவர் நிலமாகவோ சாலையாகவோ இருக்கக் கூடாது. முடிவிடத்தில் தலையளவுக் கற்களை இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் பரப்பிவைத்தால் நீர் வேகம் தணிந்து இறங்கும். கூரைத் தண்ணீரைக் குழாய் வழியாக நேரே இந்த வடிகாலிலோ தொட்டியிலோ விட்டுவிடுங்கள். பாத்திரம் கழுவும் நீரைச் சரிவில் விடும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு; ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மண் ஊறிக் கிடப்பதற்கு அதுவே காரணமாகிறது.

சமவெளியிலிருந்து வருபவர்கள் மழைநீரைச் சேமிக்கும் நல்லெண்ணத்தில், சரிவில் குழிகளும் நீர்தேங்கும் அகழிகளும் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தருமபுரியின் வறண்ட மென்சரிவில் அது புண்ணியம். ஆழமான, களிமண் கலந்த நீலகிரிச் செம்மண் சரிவில் தேங்கிய நீர் உள்ளே இறங்கி, மண்ணைக் கனக்கவைத்து, சரிவையே தளர்த்திவிடும். செங்குத்துச் சரிவில் தண்ணீரை உட்கார விடாமல், மெதுவாக நடத்தி வெளியே அனுப்ப வேண்டும்.

சமமட்டக் கோடு

இனிமேல் செய்யும் ஒவ்வொன்றும் சரிவுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தில் செல்லும் கோடுகளில் அமைய வேண்டும். கண்மதிப்பில் போட்ட கோடு எப்போதும் ஏமாற்றும். அதற்கு இரண்டரை மீட்டர் நீளமுள்ள இரண்டு மூங்கில்களை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களுக்கு இடையே இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் ஒரு குறுக்குக்கம்பைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். அதை ஓரிடத்தில் நிறுத்தி, நூல் குறுக்குக்கம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறிக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கும் நடுவிலுள்ள புள்ளியே மட்டக்குறி. பிறகு ஒரு காலை ஊன்றி, நூல் மட்டக்குறியில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, அங்கே முளை அடித்து, அப்படியே கவராயம் போல நடத்திக்கொண்டு செல்லலாம். வடிகாலுக்குக் கோடு போடும்போது மட்டும், நீர் போக வேண்டிய திசையிலுள்ள காலின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள மரத்துண்டைக் கட்டிக்கொண்டால், நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு தானே கிடைத்துவிடும்.

கோடுகளுக்கு இடையே எவ்வளவு இறக்கம் இருக்கலாம் என்பது மண்ணைப் பொறுத்தது. வெட்டிய இறுகிய மண்ணில் செங்குத்து உயரத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு கோடும், கொட்டிய மண்ணில் ஒரு மீட்டருக்கு ஒரு கோடும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். சரிவு நீளமாக இருந்தால் கீழ்ப்பாதியில் கோடுகளை இன்னும் நெருக்கமாகப் போடுவது நல்லது. நீர் சேர்ந்து வேகம் பிடிப்பது அங்கேதான்.

மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குதல்

இயந்திரம் ஓட்டுபவர்கள் வேலை முடிந்ததும் வாளியின் பின்புறத்தால் சரிவை வழவழவென்று தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தண்ணீர் சறுக்கி இறங்கவும் விதை உருண்டு ஓடவும் அதைவிட வசதியான பரப்பு வேறில்லை. மண்வெட்டியால் சமமட்டக் கோட்டின் வழியே இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் சிறுசிறு படிகளாகக் கொத்திவிட வேண்டும். ஏற்கெனவே விரலளவு, கையளவு நீர்க்கோடுகள் விழுந்திருந்தால் அவற்றை மண்ணால் நிரப்பி மூடினால் போதாது. அடுத்த மழையில் அந்தத் தளர்ந்த மண்தான் முதலில் போகும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே சுள்ளிக்கட்டோ கல்லோ வைத்துச் சிறு தடுப்புகள் அமைக்க வேண்டும். தடுப்பின் நடுப்பகுதி இரு ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் ஓரமாக அறுத்துக்கொண்டு தடுப்பைத் தீவாக்கிவிடும். இரு ஓரங்களும் கரைக்குள் ஓரடி புதைந்திருக்க வேண்டும். மேல் தடுப்பின் அடிமட்டமும் கீழ்த் தடுப்பின் உச்சிமட்டமும் ஒன்றாக வருமாறு இடைவெளி விட்டால், இடைப்பட்ட பள்ளம் வண்டலால் தானே நிரம்பிப் படியாகிவிடும்.

மண் வெட்டும் கட்டத்திலேயே உங்களிடம் பொறுப்பு வந்திருந்தால், மேலேயுள்ள அரையடி கறுப்பு மண்ணைத் தனியே குவித்துவைத்து, கடைசியில் இந்தப் படிகளின் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். பிறகு வாங்கிப் போடும் எந்த எருவும் அதற்கு ஈடாகாது.

போர்வை

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அந்த மோதலில் மண்கட்டி உடைந்து, நுண்துகள் சிதறி, மண்ணின் துளைகள் அடைபட்டு, அதன் பிறகு வரும் நீர் உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடத் தொடங்குகிறது. அரிப்பின் தொடக்கம் ஓடும் நீரில் இல்லை, விழும் துளியில் இருக்கிறது. வைக்கோல் போர்வை மலிவானதாக இருந்தும் இவ்வளவு பயன்தருவதற்கு இதுவே காரணம். துளியின் அடியை அது வாங்கிக்கொள்கிறது.

ஒரு சென்ட் நிலத்துக்கு 15 முதல் 20 கிலோ உலர்ந்த வைக்கோல் தேவைப்படும். தரையில் முக்கால் பங்குக்கு மேல் மறைய வேண்டும், ஆனால் ஆங்காங்கே மண் தெரிய வேண்டும். அதற்கு மேல் கனமாகப் போட்டால் முளை வெளியே வராது. வைக்கோல் கிடைக்காத இடத்தில் உலர்ந்த காட்டுப்புல்லைப் பயன்படுத்தலாம், விதை முற்றாத நிலையில் அறுத்ததாக இருந்தால். வெறும் வைக்கோல் மென்சரிவில் நிற்கும். 30, 40 சதவீதத்துக்கு மேலான சரிவில் காற்றும் மழையும் அதை உருட்டிவிடும். அங்கே வைக்கோலின் மேல் வலை விரித்தாக வேண்டும்.

வலைக்குச் சணலும் உண்டு, தென்னை நாரும் உண்டு. சணல் வலை மண்ணோடு நன்றாக ஒட்டிப் படியும். ஆனால் ஈரமான மலையில் ஓராண்டுக்குள் மட்கத் தொடங்கிவிடும். தென்னை நார்க் கயிற்றால் பின்னிய வலை இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும், நமக்குத் தேவைப்படும் காலமும் அதுவே. பொள்ளாச்சிப் பகுதியில் இதைச் செய்பவர்கள் இருப்பதால் நீலகிரிக்குக் கொண்டுவருவதும் கடினமன்று. சதுர மீட்டருக்கு 400 கிராம், 700 கிராம், 900 கிராம் என்று எடை சொல்லி விற்பார்கள். வீட்டுச் சரிவுக்கு 400 அல்லது 700 கிராம் போதும், மிகச் செங்குத்தான இடத்துக்கு மட்டுமே 900 தேவைப்படும். நெகிழி வலையைத் தவிருங்கள். அது மட்காது, பாம்பும் ஓணானும் அதில் சிக்கிச் சாகும். வெயிலில் நைந்து துண்டுதுண்டாக ஓடையில் போய்ச் சேரும். உரச்சாக்கில் மண் நிரப்பி அடுக்குவதும் இதே கதைதான். சில மாத வெயிலில் சாக்கு கிழிந்து உள்ளேயுள்ள மண் வெளியே வந்துவிடும்.

வலையை விரிக்கும் முறையில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. சரிவின் மேல் விளிம்பில் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி வெட்டி, வலையின் தலைப்பை அதற்குள் இறக்கி, முளையடித்து, மண் போட்டு மிதித்து மூட வேண்டும். பிறகு வலையை மேலிருந்து கீழாக உருட்டி விட வேண்டும். குறுக்காக விரிக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் அரையடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். இரண்டு துண்டுகள் நீளவாக்கில் சேரும் இடத்தில், கூரை ஓடு வேய்வது போல மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் வர வேண்டும். ஓரடி நீள மூங்கில் முளைகளைச் சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று வீதம் அடிக்க வேண்டும். கொட்டிய மண்ணில் முளை ஒன்றரை அடி இருக்கட்டும். வலையை இழுத்து முறுக்காகப் பிடித்து முளையடிப்பதே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்படிச் செய்தால் பள்ளமான இடங்களில் வலை மண்ணைத் தொடாமல் கூடாரம் போல நிற்கும். நீர் அதற்கடியில் ஓடி, மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியும்போதே கீழே மண்ணைக் காலி செய்துவிடும். தளர்வாக விரித்து, காலால் மிதித்துப் படியவைத்து, பள்ளமான இடங்களில் கூடுதலாக ஒரு முளை அடியுங்கள்.

விதைப்பும் நடவும்

போர்வைக்குப் பிறகே செடி என்ற வரிசைக்கு விதைப்பு மட்டும் விலக்கு: அதை வைக்கோலுக்கும் வலைக்கும் முன் செய்ய வேண்டும். நாற்று நடுவதை அவற்றுக்குப் பின் செய்ய வேண்டும். அதாவது, கொத்திய படிகளில் விதையைத் தூவி, கையால் கிளறி மூடி, வைக்கோல் பரப்பி, வலை விரித்து, அதன் பிறகு வலையின் கண்களை விலக்கிப் புல் நாற்றுகளை நட வேண்டும்.

விதை என்று நான் சொல்வது விரைவாக எழும்பித் தரையை மறைக்கும் துணைப்பயிர்களைத்தான். குன்னூர், கோத்தகிரி உயரத்தில் ராகியும் சாமையும் நன்றாக வரும். அதற்குக் கீழே கொள்ளு சிறந்தது. உதகைக் குளிரில் ஓட்ஸும், உருளைக்கிழங்கு விவசாயிகள் பசுந்தாளாக விதைக்கும் லூபினும் தாக்குப்பிடிக்கும். இவை நிரந்தரத்துக்கு அல்ல. கதிர் விடும் தருணத்தில் அரிவாளால் அடியோடு அறுத்து அங்கேயே போட்டுவிட வேண்டும். பிடுங்கக் கூடாது, ஏனென்றால் வேரை இழுத்தால் அதோடு மண்ணும் வரும். அடர்த்தியாக விதைத்தால் துணைப்பயிரே நிழல் கட்டிப் புல்லைக் கொன்றுவிடும் என்பதால் விதையளவில் கைச்சிக்கனம் வேண்டும்.

நிரந்தரத்துக்கு வெட்டிவேர்ப் புல்லையே நான் முதலில் சொல்வேன், குன்னூர் உயரத்துக்குக் கீழே இருக்கும் நிலங்களுக்கு. முதுமலைக்கு அப்பால் கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டைப் பக்கத்து உழவர்கள் இதைப் பல தலைமுறைகளாக வரப்பு வேலியாக வளர்த்துவந்தார்கள். 1980-களில் உலக வங்கி வல்லுநர்கள் அவர்களைப் பார்த்துத்தான் இதை மண் காப்புக்காக உலகெங்கும் எடுத்துச் சென்றார்கள். இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழாக, ஓரிரு ஆண்டுகளில் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும். தென்னிந்திய வகை விதையால் பரவுவதில்லை என்பதால் களையாகிவிடும் அச்சமும் இல்லை. கடலூர்ப் பக்கம் வாசனைக்காக வேரைத் தோண்டி எடுக்கும் அதே புல்தான்; நம் சரிவில் யாரும் அந்த ஆசையோடு கடப்பாரை எடுத்துவிடக் கூடாது.

தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த நாற்றுகளாக்கி, மேல் இலையை முக்கால் அடிக்கும் வேரை நான்கு அங்குலத்துக்கும் வெட்டி, சமமட்டக் கோட்டில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். நெருக்கம் குறைந்தால் அது வேலியாகாது. நீர் இடைவெளியைக் கண்டுபிடித்து அங்கேயே குவியும். குழிக்கு ஒரு கைப்பிடி மட்கிய எரு போதும். யூரியாவைத் தூவாதீர்கள், செடிக்குப் போவதைவிட ஓடைக்குப் போவதுதான் அதிகம்.

உதகை உயரத்தில் வெட்டிவேர் மந்தமாக வளரும், பனியில் இலை கருகும். அங்கே தேயிலைத் தோட்டங்களில் பழக்கத்திலுள்ள குவாத்தமாலாப் புல்லையும் பிற தூர்ப்புற்களையும் பனி குறைவாக விழும் பக்கமாகப் பார்த்து நடலாம். உதகையிலுள்ள, இந்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் 1954 முதல் இந்தச் சரிவுகளிலேயே இயங்கிவருகிறது. உங்கள் உயரத்துக்கு எந்தப் புல் பொருந்தும் என்று அங்கே ஒருமுறை கேட்டுவிட்டு வாங்குவது காசை மிச்சப்படுத்தும். கிக்குயூ புல் தரையைக் கம்பளம் போல மூடும். ஆனால் சோலைக்கும் இயற்கைப் புல்வெளிக்கும் அருகில் அதை நட்டால் அவற்றுக்குள் புகுந்துவிடும். சீகை (வாட்டில்) மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்நிய மரங்கள் இந்த மலையின் புல்வெளிகளை விழுங்கிய வரலாறு போதும்.

சரிவின் மேல் விளிம்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) போன்ற உயர்ந்த மரங்களை நடுவதையும் நான் ஏற்பதில்லை. காற்றில் ஆடும் மரம் நெம்புகோல் போல மண்ணை அசைக்கிறது. தாழ்ந்த பகுதிகளில் நொச்சி, கிளைரிசிடியா ஆகியவற்றின் பெருவிரல் பருமனுள்ள போத்துகளை வெட்டிவேர் வரிசைகளுக்கு இடையே முக்கால் பங்கு புதையும்படி ஊன்றினால், முளையாகவும் இருக்கும், துளிர்த்து வேரும் விடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 15 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 60 சதவீதச் சாய்வும் கொண்ட சரிவு, அதாவது நான்கு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவான பரப்பு. ஒன்றரை மீட்டர் இறக்கத்துக்கு ஒரு வரிசை என்றால் சரிவின் மேல் ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு ஒரு வரிசை வரும். மேல், கீழ் விளிம்புகளையும் சேர்த்து 6 வரிசைகள், 60 மீட்டர் நீளம், சுமார் 480 நாற்றுகள். இடைவெளி நிரப்ப இன்னும் 50 நாற்றுகள் கையில் இருக்கட்டும். வைக்கோல் 60 முதல் 75 கிலோ, வலை ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் சேர்த்து 175 சதுர மீட்டர், முளைகள் 300 முதல் 450, ராகி கால் கிலோ, கொள்ளு அரைக் கிலோ. முளைகளைச் சீவி முடிப்பதற்கே இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் போய்விடும். இந்த வேலையைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவதே வழக்கம்.

முதல் இரண்டு மழைக்காலங்கள்

நட்டு முடித்த பிறகுதான் உண்மையான பணி தொடங்குகிறது. முதல் கனமழையின்போது, நிலம் பாதுகாப்பாக இருந்தால், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சரிவின் ஓரமாக நின்று பாருங்கள். நீர் எங்கே சேர்கிறது, எங்கே வடிகாலைத் தாண்டுகிறது என்பது அந்த அரைமணி நேரத்தில் தெரிவது போல வேறெப்போதும் தெரியாது. மழை நின்றதும் வடிகாலிலுள்ள இலையையும் வண்டலையும் அள்ளுங்கள், தூக்கிக்கொண்ட முளைகளை மறுபடியும் அடியுங்கள், வலைக்குள் கைவிட்டு அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் வலையை அறுக்காமல் கண்கள் வழியே மண்ணையும் வைக்கோலையும் திணித்து நிரப்பலாம்.

நட்ட ஆறு வாரத்தில் செத்த நாற்றுகளுக்குப் பதில் புதியவற்றை நட்டுவிட வேண்டும். ஒரு வரிசையில் கையகல இடைவெளி விட்டாலும் அடுத்த மழையில் அது வாய்க்காலாகும். களையை அரிவாளால் அறுங்கள், கொத்தாதீர்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வெட்டிவேரை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டால் தூர் கட்டி அடர்த்தியாகும். வெட்டிய இலையே அடுத்த போர்வை.

காட்டெருமைகளுக்கு நம் வலை ஒரு பொருட்டில்லை. அவை வழக்கமாக நடக்கும் தடம் உங்கள் சரிவின் குறுக்கே இருந்தால், அதை அடைப்பதைவிட, ஓரமாக ஒரு வழி விட்டு அதில் கல் பாவிவிடுவது மேல். காட்டுப்பன்றி புதிதாகக் கிளறிய ஈரமண்ணைத் தேடி வரும். வரிசைகளின் மேல் முள்கிளைகளைப் பரப்புவதே எனக்குத் தெரிந்த மலிவான வழி. மனிதர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். சரிவில் குறுக்குவழியாக ஏறி இறங்கும் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை, ஒரு பருவத்தில் ஓடையாகிவிடும். படிக்கட்டு ஒன்றை ஓரத்தில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் ஆண்டு மழையில் சரிவின் அடியில் ஒரு வெள்ளைப் பாத்திரத்தை வைத்து, வழிந்து வரும் நீரைப் பிடித்துப் பாருங்கள். அடியில் வண்டல் படியாமல் நீர் பால் கலக்காத தேநீரின் நிறத்தோடு நின்றுவிட்டால் வேர்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று கொள்ளலாம். இன்னும் செங்காவியாக வந்தால், எந்த வரிசைக்கு மேலே நிறம் மாறுகிறது என்று ஏறிப் பார்த்து, அங்கே மட்டும் வலையும் நாற்றும் மறுபடியும் போட வேண்டும். அந்த நாற்றை இனி விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தூர் கட்டிய வரிசையில் நான்கு தூருக்கு ஒன்றின் ஓரத்தைப் பிரித்தெடுத்தால் போதும்.